சீமெந்து முற்றத்து ஆமை

எங்கள் வீட்டில் மண் கிடையாது. உப்பு இருந்தது, சீனி இருந்தது, மாதக் கடைசியில் அவையும் இல்லாமல் போவதுண்டு. ஆனால் மண் மாத்திரம் எந்த மாதத்திலும் இருந்ததில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இந்தப் பக்கம், கடைவீதிக்குப் பின்னால் இறங்குகிற ஒழுங்கையில், இரண்டு அறையும் ஒரு குசினியுமாக அப்பா கட்டிய வீடு அது. அப்பா மேசன். ஊரார் சுவர்களையெல்லாம் பூசிவிட்டு வந்து மிச்ச நேரத்தில் எங்கள் முற்றத்தைப் பூசுவார். கேட்டிலிருந்து பின்மதில் வரை ஒரு சாண் இடம் விடாமல் சீமெந்து போட்டு, மட்டப்பலகையால் இழுத்து, ஈரச்சாக்கால் மூடித் தண்ணீர் கட்டி, முகம் பார்க்கிற மாதிரி வைத்திருந்தார். பக்கத்து வீடுகளில் வாழையும் முருங்கையும் நின்றன. எங்கள் வீட்டில் ஜாம் போத்தலில் தண்ணீர் ஊற்றி, அதில் மணி பிளான்ட் நின்றது. யாராவது சேற்றுக் காலோடு வந்தால் அப்பா கேட்டருகிலேயே நிறுத்தி, வாளித் தண்ணீர் கொடுத்துக் கழுவ வைப்பார். இதையெல்லாம் பார்த்து, நாங்கள் பெரிய பணக்காரர்கள் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

மழைக்கும் எங்கள் வீட்டில் ஒரு நடைமுறை இருந்தது. வானம் இருட்டிப் பெருமழை பிடித்துவிட்டால், அம்மா செருப்புகளை உள்ளே எடுத்து வந்து அவரவர் தலைமாட்டில் வைப்பாள். வெளியே போகிற உடுப்போடுதான் படுக்க வேண்டும். அடையாள அட்டைகள் போட்ட பை கதவில் தொங்கும். மழை பெய்தால் எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்று நம்பியிருந்த நான், பள்ளிக்கூடத்தில் ஒரு சிநேகிதியிடம், "நேத்து மழைக்கு ஒங்க வீட்டுல செருப்ப எங்க வச்சாங்க?" என்று கேட்டேன். அவள் "வாசல்ல" என்றாள். பாவம், கவனிப்பில்லாத வீட்டுப் பிள்ளை என்று அவளுக்காக வருத்தப்பட்டேன்.

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. வாய்ப்பாடு தெரிவதுபோலத் தெரியும். நான் கைக்குழந்தையாய் இருந்தபோது நாங்கள் ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருந்தோம். ஒரு மழைநாள் பின்னேரம் எனக்குக் காய்ச்சல் என்று அப்பாவும் அம்மாவும் என்னைத் தூக்கிக்கொண்டு மருந்துக்குப் போயிருந்தார்கள். அம்மாவின் தங்கை, என் சித்தி, உலை வைப்பதற்காக வீட்டில் நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்த மலை இறங்கி வந்துவிட்டது. பிறகு ஆட்கள் தோண்டினார்கள். மற்றவர்களையெல்லாம் எடுத்தார்கள், சித்தியை எடுக்கவில்லை. மழை விடவில்லை, இன்னும் சரியும் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். நானும் தோண்டுகிறேன் என்று அம்மா ஓடினாளாம். அவளை அந்தப் பக்கமே விடவில்லையாம். இதெல்லாம் பெரியவர்கள் பேசி என் காதில் விழுந்தது. "ஒங்க சித்தி எங்க?" என்று யாராவது கேட்டால், "மண்ணுக்குள்ள" என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விடுவேன். கடைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்வதற்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் இருக்கவில்லை.

அதற்கு அம்மாவும் ஒரு காரணம். தீபாவளிக்குச் செத்துப்போனவர்களுக்குப் புதுத்துணி வைத்துப் படைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். தாத்தாவுக்கு ஒரு வேட்டி வைப்போம். அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் கண்டிக்குப் போய்ச் சித்திக்கும் ஒரு சேலை எடுத்து வருவாள். ஆனால் அதைப் படையலில் வைக்கமாட்டாள். அது நேரே அலுமாரியின் மேல்தட்டுக்குப் போகும். "அவ வந்தா கட்டட்டும்" என்பாள். ஒரு தடவை அப்பா, "அதையும் சாமிக்கு முன்னால வச்சிருவோமா புள்ள?" என்று மெல்லக் கேட்டார். அந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பலகாரம் சுடவில்லை. அதற்குப் பிறகு அவர் கேட்டதும் இல்லை. அலுமாரி திறக்கும்போதெல்லாம் நான் எட்டி எட்டி அந்தச் சேலைகளைப் பார்ப்பேன். பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ நிறம். வரப்போகிற சித்தி கொடுத்துவைத்தவள் என்று பொறாமையாக இருக்கும்.

இந்த வீட்டுக்குத்தான் சித்தப்பா ஆமையைக் கொண்டுவந்தார். சித்தப்பா அப்பாவின் தம்பி. கண்டி பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணம் ஆகவில்லை, ஆகையால் இராச்சாப்பாடு எங்கள் வீட்டில். பாலத்தடியில் நடுரோட்டில் ஓர் ஆமை, முன்னாலும் பின்னாலும் வாகனங்களை நிறுத்தி வைத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குப் போகிற பெரிய மனுஷி மாதிரி நிதானமாகக் கடந்துகொண்டிருந்ததாம். டிரைவர் ஹோர்ன் அடித்து அலுத்துப்போக, சித்தப்பா இறங்கி அதைத் தூக்கிச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். சோறு தின்கிற பீங்கான் கோப்பை அகலம் இருக்கும். கறுப்பு ஓடு, முதுகில் மூன்று வரம்பு, கழுத்தோரம் மஞ்சள் பூசிய மாதிரி.

"ஆமை புகுந்த வீடு உருப்படாதுன்னு ஒனக்குத் தெரியாதா?" என்றார் அப்பா.

"புகுந்தாத்தானே அண்ணே? இது எங்க புகுந்துச்சு? நான்தானே தூக்கிக்கிட்டு வந்தேன்."

அப்பா சுவரைப் பற்றி என்றால் நாள் முழுக்கப் பேசுவார், நியாயம் பேசச் சொன்னால் திணறுவார். அம்மாதான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல், "இதுக்கு மேல உருப்படாம போறதுக்கு என்னா இருக்கு? கெடக்கட்டும்" என்றாள். அதோடு வழக்கு முடிந்தது. சித்தப்பா அதற்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார். தன் பஸ்ஸைவிட இது நேரத்துக்கு வந்து சேரும் என்பது அவர் கட்சி.

வேண்டாம் வேண்டாம் என்ற அப்பாதான் குழாயடித் தொட்டிக்குள் அது ஏறி இறங்க ஒரு சரிவு கட்டிக் கொடுத்தார். வழக்கப்படி அதையும் கண்ணாடி மாதிரிப் பூசிவிட்டார். எக்ஸ்பிரஸ் ஏறும், வழுக்கும், தண்ணீருக்குள் விழும். இரண்டு நாள் பார்த்துவிட்டு, அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் பூசியதை மேசன் கரண்டி முனையால் தானே கீறிச் சொரசொரப்பாக்கினார். அதற்குத் தீனி போடுவது என் வேலை. கங்குங் கீரை, பப்பாசித் துண்டு, அம்மா பார்க்காத நேரத்தில் நெத்தலிக் கருவாடு. கருவாட்டைக் கண்டால் எக்ஸ்பிரஸ் பெயருக்கேற்ற வேகத்தில் வரும்.

அது வந்த பிறகு எங்கள் பின்னேரங்களுக்கு ஒரு சத்தம் கிடைத்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, சோறு தின்று, குசினி வாசலின் குளிர்ந்த சீமெந்தில் கன்னத்தை வைத்துப் படுத்திருப்பேன். உள்ளே அம்மாவின் மெஷின் கொஞ்சம் ஓடி, நின்று, மறுபடி ஓடும். வெளியே எக்ஸ்பிரஸ் நகங்களால் தட்டித் தட்டி நடக்கும். காது தரையோடு ஒட்டியிருப்பதால், எங்கோ தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவதுபோல அது கேட்கும். இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நான் தூங்கிப்போவேன். தூக்கத்தில் சீமெந்துக்கு அடியில் ஓர் ஊர் இருக்கும். அங்கே பகலிலும் விளக்கு எரியும். ஒரு வீட்டில் உலை கொதிக்கும். மாம்பழ மஞ்சள் சேலை கட்டிய ஒருத்தி, முகம் மட்டும் தெரியாமல், அடுப்பை ஊதிக்கொண்டிருப்பாள். தெருவில் ஆமைகள் போகும். விழித்துப் பார்த்தால் எக்ஸ்பிரஸ் என் மூக்குக்கு நேரே நின்று, சுருங்கிய கழுத்தை நீட்டி, இவள் இன்னும் கீரை போடவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும். இன்றைக்கும் காய்ச்சல் வந்தால் எனக்கு அந்த ஊர் தெரிகிறது.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்திய மழை தொடங்கியபோது எக்ஸ்பிரஸ் மாறிவிட்டது. கீரையைத் தொடவில்லை. கருவாட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தொட்டியில் இறங்காமல், மதில் ஓரமாகவே நடந்தது. ஒரு மூலைக்குப் போகும், பின்னங்கால்களால் தரையைச் சுரண்டும், கொஞ்சம் நின்று யோசிக்கும், அடுத்த மூலைக்குப் போகும். இரவும் பகலும் அந்தச் சுரண்டல் கேட்டது. அது நடனம் பழகுகிறது என்று நான் நினைத்தேன். பிரேக் பிடிக்கவில்லை என்றார் சித்தப்பா. ஆற்றுக்குப் போகத் துடிக்கிறது என்றார் அப்பா. பின்னங்கால் நகங்கள் தேய்ந்து, அது போன வழியில் சீமெந்தில் மெல்லிய செங்கோடு விழுந்திருந்ததைப் பார்த்த பிறகு யாரும் பகிடி பண்ணவில்லை.

விஷயத்தைச் சொன்னவர் அடுத்த வீட்டுச் சாச்சி. முஸ்லிம் வீடு, அந்த வீட்டுப் பிள்ளைகள் சாச்சி என்று கூப்பிட்ட பெண்ணை நானும் அப்படியே கூப்பிட்டேன். சட்டை தைக்கக் கொடுக்க வந்தவர், எக்ஸ்பிரஸைத் தூக்கி, பின்னங்காலுக்கு முன்னால் விரலை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இதுக்கு வயித்துல முட்ட ஈக்குது மகள். மண்ணு தேடுது. எங்க உம்மா ஊட்டுக் கெணத்துலயும் ஒண்டு கெடந்திச்சு. மண்ணு கெடைக்காட்டி முட்டைய உள்ளுக்கே வெச்சிக்கிட்டு மவுத்தாப் போகும்."

அம்மாவின் கை மெஷின் சக்கரத்தில் நின்றது. எனக்கு ஒன்று மட்டும் உறைத்தது: எக்ஸ்பிரஸ் சாகப்போகிறது. ஓ என்று அழத் தொடங்கினேன்.

வழிகள் பேசப்பட்டன. சாச்சி வீட்டுக் கொல்லையில் மண் இருந்தது. கூடவே ஒரு படை கோழியும் இருந்தது, அவை எதையும் புதைந்திருக்க விடாது. ஆற்றங்கரையில் விடலாமென்றால் மகாவலி மரங்களை இழுத்துக்கொண்டு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, மேசனுக்குத் தெரிந்த வழியைச் செய்தார். வேலைத்தலத்திலிருந்து ஒரு மூட்டை ஆற்று மணல் கொண்டுவந்து மதில் மூலையில் கொட்டினார். மணல் என்றால் சேறில்லை, வாசமில்லை, அம்மாவுக்கும் தொந்தரவில்லை என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

எக்ஸ்பிரஸ் மணலில் ஏறியது. பின்னங்காலால் ஒரு வாரல் வாரி வெளியே தள்ளியது. பக்கத்து மணல் வழிந்து குழியை நிரப்பியது. மறுபடி வாரியது. மறுபடி நிரம்பியது. நாங்கள் எல்லாரும் சுற்றி நின்று பார்த்தோம். அது சலிக்காமல் வாரிக்கொண்டேயிருக்க, மணலும் சலிக்காமல் உள்ளே சரிந்துகொண்டேயிருந்தது. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு மெஷின் ஓடவில்லை. அப்பா மணலில் தண்ணீர் தெளித்துப் பார்த்தார், கையால் குழி செய்து கொடுத்துப் பார்த்தார். எக்ஸ்பிரஸ் கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு, மதிலைப் பார்த்தபடி கிடந்தது.

அடுத்த நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, முற்றத்தின் நடுவில், வெறும் சீமெந்தில், ஒரு முட்டை உடைந்து கிடந்தது. கோழி முட்டை மாதிரி உருண்டையில்லை, நீளவாக்கில் வெள்ளையாய் இருந்தது. எறும்பு வந்திருந்தது. பக்கத்தில் எக்ஸ்பிரஸ் அசையாமல் கிடந்தது. நான் அழுத அழுகைக்குச் சாச்சி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அம்மா வெளியே வந்தாள். என்னைச் சமாதானப்படுத்தவில்லை. குனிந்து, முட்டை ஓட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள். பழைய துணியால் தரையைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா வேலையால் வந்து கால் கழுவும்வரை அப்படியே இருந்துவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்த மூலைய ஒடைங்க."

அப்பாவுக்கு விளங்கியது. விளங்காதவர் மாதிரி நின்றார். "எதுக்கு புள்ள. நான் வேற எங்கயாவது கொண்டுபோய்..."

"எங்கயும் வேணாம். அதுக்கு வலிக்குது. ஒடைங்க."

அப்பா அலவாங்கை எடுத்து வந்தார். அவர் போட்ட சீமெந்து, நன்றாகத் தண்ணீர் கட்டிய சீமெந்து. கடப்பாறை மாதிரிக் கனத்த அந்த அலவாங்கு விழுந்து விழுந்து பொறி பறந்ததே தவிர, ஒரு கீறல் விழவில்லை. பஸ் விட்டு வந்த சித்தப்பா பின்னால் நின்று, "கொஞ்சம் மோசமா வேல செஞ்சிருக்கலாம் அண்ணே" என்றார். பிறகு அவரே சட்டையைக் கழற்றிவிட்டு அலவாங்கை வாங்கிக்கொண்டார். இருவரும் மாறி மாறிக் குத்தி, கடைசியில் ஒரு பாய் அகலத்துக்குச் சீமெந்து பெயர்ந்தது. அதற்குக் கீழே மண் இருந்தது.

நான் அதைப் பார்த்து ஆச்சரியப்பட்டேன் என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். எங்கள் வீட்டுக்கு அடியிலும் மண் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. மழை ஈரத்தில் சிவந்து, மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. அதன் வாசம் மெல்ல எழும்பி முற்றம் முழுக்கப் பரவிக் குசினிக்குள்ளும் போயிற்று.

அம்மா குசினி வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பா அவளுக்கும் குழிக்கும் நடுவில் போய் நின்றுகொண்டார், மறைப்பதுபோல. அம்மா செருப்பைக் கழற்றினாள். அப்பாவைச் சுற்றிக்கொண்டு வந்து, மண்ணோரம் குந்தினாள். கையை நீட்டி ஒரு பிடி எடுத்தாள். இறுக்கினாள். விரலை விரித்து, பிடித்த பிடி நிற்கிறதா என்று பார்த்தாள். பெருவிரலால் தொட்டதும் அது உதிர்ந்தது.

"மணல் கொஞ்சம் கலக்கணும்" என்றாள்.

அம்மா தோட்டத்தில் கொழுந்து எடுத்தவள் இல்லை. தேயிலைக் கன்று வளர்க்கிற நாற்றுமேடையில் வேலை செய்தவள். மண்ணைச் சலித்து, சின்னப் பொலித்தீன் பைகளில் நிரப்பி, ஒற்றை இலைத் தண்டை நட்டு, வேர் பிடிக்கிறவரை பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிற வேலை. சித்தியும் அவளும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் பை நிரப்புவார்களாம். அது பிறகு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அம்மாவின் கை இவ்வளவு வேகமாகப் போகும் என்பதுதான். கல் பொறுக்கியது, கட்டி உடைத்தது, மணலை வாரிக் கலந்தது, தண்ணீர் தெளித்தது. நகக்கண்ணெல்லாம் சிவப்பு. கன்னத்தில் ஒரு கோடு மண். அப்பா வாளியோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததைச் சீமெந்துத் தூசு என்று எடுத்துக்கொண்டேன்.

அம்மா எக்ஸ்பிரஸை இரண்டு கையாலும் தூக்கி மண்ணில் வைத்தாள். எல்லாரையும் குசினிக்குள் போகச் சொன்னாள். நாங்கள் வாசற்படியில் ஒருத்தர்மேல் ஒருத்தர் சாய்ந்து பார்த்தோம். மழை விட்டிருந்தது. பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு சொல்லி முடிந்து, ஒழுங்கை அமைதியாயிற்று. எக்ஸ்பிரஸ் தலையை வெளியே நீட்டியது. மண்ணை முகர்ந்தது. ஒரு சுற்றுத் திரும்பி, பின்னங்காலை மண்ணில் வைத்தது. அந்தக் கால் ஒரு கை மாதிரி வேலை செய்தது. குவிந்து அள்ளும், வெளியே வைக்கும், பிறகு மற்றக் கால். மண் சரியவில்லை. இருட்டிக்கொண்டு வர, அதன் ஓடு மங்கி, கடைசியில் மண்ணே மெல்ல மூச்சு விடுவதுபோலத் தெரிந்தது. அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முட்டைகள் விழ விழ அவள் விரல் என் தோளில் ஒவ்வொரு தடவையாக இறுகியது. அப்படித்தான் ஐந்து என்று எண்ணினேன். எல்லாம் முடிந்து, காலால் மண்ணை இழுத்து மூடி, வயிற்றால் அழுத்தித் தட்டிவிட்டு, எக்ஸ்பிரஸ் திரும்பிப் பார்க்காமல் தொட்டிக்குப் போயிற்று. அடுத்த நாள் கருவாடு தின்றது.

முட்டையைத் தோண்டிப் பார்க்கத் தவித்தேன். அம்மா விடவில்லை. "புரட்டினா செத்துரும். அதுவா வரும்" என்றாள். மூங்கிலைப் பிளந்து வளைத்துக் குத்தி, மேலே பொலித்தீன் கட்டி, நாற்றுமேடைக் கூடாரம் ஒன்று செய்தாள். தீபாவளி வந்தது. சித்திக்கு ஊதாச் சேலை வந்து அலுமாரிக்குப் போயிற்று. பெருமழை வந்தது. செருப்புகள் தலைமாட்டுக்கு வந்தன. ஆனால் அம்மா பழைய மாதிரிக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பொலித்தீனில் தேங்கிய தண்ணீரைத் தட்டி விடுவாள், விரலை மண்ணுக்குள் விட்டு ஈரம் பார்ப்பாள். காலையில் மெஷினில் குந்துமுன் ஒரு தடவை, விளக்கு வைக்குமுன் ஒரு தடவை. "முட்டைக்குச் சட்டை தைக்க அளவு எடுக்கிறியா புள்ள?" என்று அப்பா கேட்பார். அம்மா சிரிப்பாள். அம்மா சிரித்தால் மேல்வரிசையில் ஒரு பல் சற்று முன்னால் தெரியும் என்பதை நான் அந்த மழைக்காலத்தில்தான் கண்டுபிடித்தேன்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் மண் வெடித்தது. முதல் நாள் பொங்கல் பானைக்கு வைத்த கற்களை அப்பா எடுத்துக்கொண்டிருந்தார். நான்தான் கண்டேன். கூடாரத்துக்குள் ஒரு விரிசல், அதற்குள் ஒரு பட்டாணி அளவு தலை. நான் போட்ட கூச்சலில் சித்தப்பா வாயிலிருந்த பொங்கலோடு ஓடி வந்து, "மாட்டுப் பொங்கலுக்கு ஆமை பொறந்திருக்கு, இனி இத வருஷா வருஷம் கும்புடணும்" என்றார்.

அம்மா கூடாரத்தைப் பிடுங்கி எறிந்தாள். முழங்காலில் விழுந்து, குனிந்து, அந்த விரிசலுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "வா... மேல வா... மெதுவா வா" என்றாள். அந்தக் குரலில் அவள் என்னைக்கூடக் கூப்பிட்டதில்லை. ஒன்று வந்தது. மேலெல்லாம் மண்ணோடு, காற்றில் கால்களை உதைத்துக்கொண்டு. பிறகு இன்னொன்று. அம்மா விரலால் வழிவிட்டுக் கொடுத்தாள், வந்த ஒவ்வொன்றின் கண்ணிலிருந்தும் மண்ணைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். நான் சட்டியில் வாங்கி வாங்கி வைத்தேன். ஐந்தும் வந்துவிட்டன. எனக்கு எண்ணத் தெரியும், இரண்டு தடவை எண்ணினேன்.

"அம்மா, அஞ்சும் வந்துருச்சு."

அம்மா தோண்டிக்கொண்டிருந்தாள்.

உடைந்த ஓடுகளெல்லாம் வெளியே வந்துவிட்டன. அதற்குக் கீழே முட்டை வைத்த குழிகூட இல்லை, வெறும் மண். அம்மா இரண்டு கையாலும் வாரினாள். முழங்கை வரைக்கும் போய்விட்டாள். அப்பா பக்கத்தில் குந்தி, "எல்லாம் வந்துருச்சு புள்ள" என்றார். அவள் கேட்டதாகத் தெரியவில்லை. அப்பா அவள் கையைப் பிடிக்கப்போய், பிடிக்காமல் விட்டார். சித்தப்பா பொங்கல் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கோ அது பெரிய விளையாட்டாகத் தெரிந்தது. மண்ணே காணாமல் வளர்ந்த பிள்ளைக்கு, மண்ணில் கை வைக்கலாம் என்று அம்மாவே காட்டிக் கொடுக்கிறாள், வேறென்ன வேண்டும்? நானும் அவளுக்கு எதிரே குந்திக்கொண்டு இரண்டு கையாலும் வாரத் தொடங்கினேன்.

"என்னம்மா தேடுறோம்?"

"ஒண்ணுமில்ல சாமி. நீயும் தோண்டு."

சிரித்துச் சிரித்துத் தோண்டினேன். அம்மாவின் முகத்தில் கண்ணீரும் மண்ணும் சேர்ந்து வழிந்தது. குஞ்சு வந்த சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எண்ணி, இன்னும் உற்சாகமாகத் தோண்டினேன். அப்பாவின் அலவாங்கும் போகாத இறுகிய மண் வந்து, எங்கள் நகம் அதில் வழுக்கியபோதுதான் அம்மா நிறுத்தினாள். அந்த அடிமண்ணில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு வெளியே கிடந்த மண்ணை மெல்லத் தள்ளிக் குழியை மூடினாள். எக்ஸ்பிரஸ் செய்தது மாதிரியே அழுத்தித் தட்டி மட்டமாக்கினாள். எழுந்துபோய்க் கை கழுவினாள்.

வெயில் பிடித்து ஆறு வடிந்த பிறகு, எக்ஸ்பிரஸையும் குஞ்சுகளையும் சித்தப்பா பாலத்துக்கு அப்பால் ஓர் ஓடையில் கொண்டுபோய் விட்டார். நான் இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூலையை மறுபடி பூசிவிடட்டுமா என்று அப்பா கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அம்மா அங்கே ஒரு கறிவேப்பிலைக் கன்று நட்டாள். இப்போது அது மதிலுக்கு மேல் வளர்ந்து, சாச்சி வீட்டுக்கும் சேர்த்துக் கறிவேப்பிலை கொடுக்கிறது.

அடுத்த தீபாவளிக்கு அம்மா சேலை எடுக்கக் கண்டிக்குப் போகவில்லை. படையல் போடுகிற நேரம் அலுமாரியைத் திறந்து, மேல்தட்டில் இருந்த சேலைகள் எல்லாவற்றையும் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்து, தாத்தாவின் வேட்டிக்குப் பக்கத்தில், விளக்குக்கு முன்னால் வைத்தாள். மஞ்சள் சேலை மேலே இருந்தது. அதன் மடிப்பை நீவி, ஒரு துளசி இலையை வைத்தாள். அப்பா சாம்பிராணித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். எனக்கு இது பெரிய அநியாயமாகப் பட்டது.

"எல்லாத்தையும் சாமிக்கு வச்சிட்டா, சித்தி வந்து என்னாத்தம்மா கட்டும்?"

அம்மா என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அவ வரமாட்டா சாமி" என்றாள். "நீயும் நானுந்தான் கை நோக நோகத் தோண்டிப் பாத்துட்டோமே."

நான் யோசித்துப் பார்த்தேன். நாங்கள் தோண்டியது முற்றத்து மூலையில், அதுவும் ஆமைக்குஞ்சுக்காக. சித்தி இருப்பது ஹேவாஹெட்டயில், இரண்டு பஸ் மாறிப் போகிற தூரத்தில். அம்மா இடத்தை மாற்றிச் சொல்கிறாள் என்று திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். சித்தப்பா அதில் ஒரு முறுக்கை வைத்துவிட்டார்.